மூன்று முறை எரிந்த மோட்டார்: பீன்யாவிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

"சார், ஆம்ப்ஸ் 88தான் காட்டுது. நேம்பிளேட்ல 96 போட்டிருக்கு. ஓவர்லோடே கிடையாது. அப்புறம் எப்படி சார் எரியும்?"

பெங்களூரு பீன்யாவில் பிவிசி குழாய் செய்யும் ஒரு ஷெட். கேட்டவர் அங்கே மெயின்டனன்ஸ் பார்க்கும் தருமபுரிக்காரர். பிவிசிக் கூழைத் திருகால் பிதுக்கிக் குழாயாக்கும் எக்ஸ்ட்ரூடரை ஓட்டும் 55 கிலோவாட் மோட்டார் எட்டு மாதத்துக்குள் மூன்று முறை எரிந்திருந்தது. கம்பெனியில் கட்டி வந்த முதல் காயில், அதாவது உள்ளே சுற்றிய செம்புக் கம்பி, 9 வருடம் ஓடியது. எரிந்த கம்பியை எடுத்துவிட்டுப் புதிதாகச் சுற்றி, அதாவது ரீவைண்டிங் செய்து போட்ட இரண்டாவது 5 மாதம் தாங்கியது. மூன்றாவது 7 வாரம். நான் போனபோது நான்காவது காயிலோடு ஓடிக்கொண்டிருந்தது. காரணம் கண்டுபிடிப்பதற்காக முதலாளி என்னைக் கூப்பிடவில்லை. புது மோட்டார் வாங்கலாமா வேண்டாமா என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகச் சொல்லித்தான் கூப்பிட்டார்.

காரணம் அங்கே ஏற்கெனவே ஆளுக்கு ஒன்று இருந்தது. மெயின்டனன்ஸ் அண்ணனைக் கேட்டால் காயில் கட்டிய கடை சரியில்லை. கடையைக் கேட்டால் டிரைவ், அதாவது ஹெர்ட்ஸை மாற்றி மோட்டார் வேகத்தை மாற்றும் பெட்டி, சரியில்லை. டிரைவ் விற்றவரைக் கேட்டால் கரண்ட் சரியில்லை. முதலாளி நேரம் சரியில்லை என்று முடிவு செய்து, மோட்டாரைத் தூக்கும் கொக்கி வளையத்தில் எலுமிச்சையும் மிளகாயும் கோத்துக் கட்டியிருந்தார். கட்டி மூன்று நாள்தான் ஆகிறதாம். எலுமிச்சை அதற்குள் சுண்டைக்காய் அளவுக்குச் சுருங்கி, கருத்து, கல்லாகியிருந்தது. அந்த மோட்டாரின் சூட்டைப் பற்றி அன்று எனக்குக் கிடைத்த முதல் நம்பகமான அளவீடு அதுதான்.

மோட்டாரும் அதன் வேலையும்

4 துருவம், 415 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், நிமிடத்துக்கு 1475 சுற்று. முழுக்க மூடிய உடல், பின்முனையில் தண்டிலேயே மாட்டிய விசிறி, மேலே சூட்டைக் காற்றில் விடும் வார்ப்பிரும்புத் தகடுகள், அதாவது ஃபின்கள். இந்த அமைப்புக்கு ஐசி 411 என்று பெயர். இன்சுலேஷன் எவ்வளவு சூடு தாங்கும் என்பதற்கான தரம் கிளாஸ் எஃப். திறன் 93.5 சதவீதம். அதாவது முழுச்சுமையில் 58.8 கிலோவாட் உள்ளே போனால் 55 தண்டில் வெளியே வரும். மீதி 3.8 கிலோவாட் சூடு. வீட்டு கீசர் இரண்டை ஒரு பீப்பாய்க்குள் வைத்து நாளெல்லாம் போட்டுவிட்டது மாதிரி.

மோட்டார் வாங்கியபோது வந்த சோதனை ஷீட்டை முதலாளி பத்திரமாக வைத்திருந்தார். இந்த ஆய்வில் எனக்குப் பெரிய உதவி அந்த ஒற்றைத் தாள்தான். முழுச்சுமையில், 50 ஹெர்ட்ஸில், காயிலின் சூடு சுற்றுக் காற்றைவிட 75 டிகிரி மேலே என்று அதில் இருந்தது. கிளாஸ் எஃப் காயிலுக்கு 105 டிகிரி வரை உயர்வு அனுமதி. ஆகவே இது நிறைய மிச்சம் வைத்து வடிவமைத்த நல்ல மோட்டார்.

மோட்டார் 9 வருடமும் பெரும்பாலும் 45 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் ஓடியது. முதல் எரிப்புக்கு மூன்று மாதம் முன்பு சின்ன விட்டக் குழாய் ஆர்டர் ஒன்று வந்திருக்கிறது. அதற்காக வேகத்தைக் குறைத்து 26 ஹெர்ட்ஸில் ஓட்ட ஆரம்பித்தார்கள். எக்ஸ்ட்ரூடரில் வேகம் பாதியானால் முறுக்குவிசை பாதியாகிவிடாது. திருகு அதே கூழைத்தான் பிதுக்குகிறது. அதனால் ஆம்பியர் குறையாது, ஆனால் விசிறி பாதி வேகத்தில் சுற்றும். கரண்ட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு இது தெரிய வழியே இல்லை.

"அப்ப டிரைவ்தான் காரணம்னு சொல்றீங்க" என்றார் முதலாளி. நானும் அந்த நிமிடம் அப்படித்தான் நினைத்தேன். தனி விசிறி ஒன்று போட்டால் முடிந்தது என்று வாய்வரை வந்துவிட்டது. கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் அது பாதிகூடச் சரியில்லை என்று தெரிந்தது.

26 ஹெர்ட்ஸ் கணக்கு

மோட்டாருக்குள் சூடு போகும் வழியைக் கரண்ட் போகும் வழி மாதிரியே வரையலாம். வாட் என்பது கரண்ட், டிகிரி என்பது வோல்டேஜ், நடுவில் இருக்கிற ஒவ்வொரு பொருளும் ஒரு தடை. செம்பில் பிறந்த சூடு, காயில் உட்கார்ந்திருக்கும் பள்ளத்தின், அதாவது ஸ்லாட்டின், காகிதத்தைத் தாண்டி இரும்புப் பல்லுக்கு வரவேண்டும். அங்கிருந்து கோர் எனும் இரும்பு உட்பகுதியின் முதுகுக்கு, கோரும் வெளியுடலான ஃபிரேமும் தொடும் இடத்தைத் தாண்டி ஃபின்னுக்கு, ஃபின்னிலிருந்து காற்றுக்கு. எல்லாத் தடையும் வரிசையாக இருக்கின்றன. ஓம் விதி தெரிந்த எந்த ஐடிஐ பையனும் இதைக் கணக்கிடலாம்.

சோதனை ஷீட்டின் 75 டிகிரியை நான் இப்படிப் பிரித்தேன்: ஃபிரேமிலிருந்து காற்றுக்கு 35, கோரிலும் ஃபிரேம் தொடுமிடத்திலும் 10, ஸ்லாட்டுக்குள் செம்பிலிருந்து இரும்புக்கு 30. தடையாகச் சொன்னால் ஃபிரேமுக்கும் காற்றுக்கும் இடையே கிலோவாட்டுக்கு 10 டிகிரி. ஸ்லாட்டில் கிலோவாட்டுக்கு 25 டிகிரி.

இப்போது 26 ஹெர்ட்ஸ். விசிறி தள்ளும் காற்றின் அளவு அது சுற்றும் வேகத்துக்கு நேர் விகிதம், ஆகவே 52 சதவீதம். ஆனால் ஃபின்னிலிருந்து சூட்டைப் பறிக்கும் திறன் காற்று வேகத்தின் 0.8 அடுக்கில்தான் மாறும். அதனால் அது 59 சதவீதத்தோடு நிற்கிறது. ஃபிரேம் தடை 10லிருந்து 17 ஆகிறது. மறுபக்கம், சூடு பிறப்பதும் குறைகிறது. அதிர்வெண் பாதியானதால் இரும்பு இழப்பு பாதிக்கும் கீழே போய்விடும். விசிறியைச் சுழற்றச் செலவாகும் சக்தி வேகத்தின் மூன்றாம் அடுக்கில் விழும். செம்பு இழப்பும் ரோட்டர் இழப்பும் ஏறக்குறைய அப்படியே இருக்கும். டிரைவின் அலைக்கோளாறால் வருவதையும் சேர்த்து நான் போட்ட மொத்தம் 2.4 கிலோவாட்.

2.4 கிலோவாட்டை 17ஆல் பெருக்கினால் ஃபிரேம் 41 டிகிரி. கோருக்கு 7. ஸ்லாட்டுக்கு 26. கூட்டினால் 74 டிகிரி.

அதாவது சுத்தமான, ஒழுங்காகக் கட்டிய இந்த மோட்டாரை 26 ஹெர்ட்ஸில் 88 ஆம்பியரில் ஓட்டினால், 50 ஹெர்ட்ஸ் முழுச்சுமையில் ஏறும் அதே சூடுதான் ஏற வேண்டும். வேகம் குறைந்ததால் மட்டும் இந்த மோட்டார் எரியக் காரணமே இல்லை. "வேகத்தைக் குறைத்தால் மோட்டார் எரியும்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்கிறவர்கள் இந்தக் கூட்டலை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். 10 ஹெர்ட்ஸ், 15 ஹெர்ட்ஸ் என்று இறங்கினால் கதை வேறு. அங்கே காற்று ஓட்டம் ஏறக்குறைய நின்றுவிடும்.

அளவெடுத்த கதை

மெயின்டனன்ஸ் அண்ணனிடம் துப்பாக்கி மாதிரி இருக்கும் இன்ஃப்ராரெட் வெப்பமானி இருந்தது. தினமும் காலையில் மோட்டார் சூட்டை எடுத்து நோட்டில் எழுதிவைத்திருக்கிறார். 54, 52, 55. இரண்டு மாதப் பக்கங்கள், ஒருநாள்கூட விடவில்லை. எங்கே அடித்து எடுக்கிறீர்கள் என்று கேட்டேன். பின்னாலிருக்கும் விசிறி மூடியைக் காட்டினார். குனிந்து எடுக்க அதுதான் வசதி.

அந்த மூடிதான் மோட்டாரிலேயே குளிர்ந்த இடம். வெளிக்காற்று முதலில் நுழைவது அதன் வழியாக. காய்ச்சலை நகத்தில் பார்ப்பது போல. போதாததற்கு இந்தக் கருவி தொட்டு அளப்பதில்லை, மேற்பரப்பு விடும் கதிரை வைத்துக் கணிக்கிறது. பெயின்ட் அடித்த பரப்பில் சரியாகச் சொல்லும். பளபளக்கும் உலோகத்தில் பாதியும் சொல்லாது. அவர் உழைப்பைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. எங்கே அளக்க வேண்டும் என்று யாருமே அவருக்குச் சொல்லவில்லை.

நான் ஃபின்களின் அடிவேரில் நான்கு இடத்தில் தெர்மோகப்பிள், அதாவது தொட்டு அளக்கும் வெப்ப உணரி, ஒட்டினேன். காயிலின் சூட்டுக்குச் செம்பையே வெப்பமானி ஆக்குவதுதான் வழி. செம்பு சூடேறினால் அதன் மின்தடை ஏறும். சூடான தடைக்கும் குளிர்ந்த தடைக்கும் உள்ள விகிதம், அந்தந்த வெப்பநிலையோடு 235ஐக் கூட்டிய விகிதத்துக்குச் சமம். இந்த அளவு மோட்டாரில் தடை ஓமில் பத்தில் ஒரு பங்கு அளவில்தான் இருக்கும். சாதாரண மல்டிமீட்டர் அதன் பக்கமே போகாது, மைக்ரோ ஓம் மீட்டர் வேண்டும்.

அதோடு வேகமும் வேண்டும். மோட்டாரை நிறுத்திய நொடியிலிருந்து காயில் ஆறத் தொடங்கும். 50க்கு மேல் 200 கிலோவாட் வரையான மோட்டாருக்கு 90 வினாடிக்குள் அளக்க வேண்டும் என்கிறது மோட்டார்களுக்கான சர்வதேசத் தரநிலை ஐஇசி 60034. டெர்மினல் பெட்டியின் நான்கு போல்ட்டைக் கழற்றவே அதற்குமேல் ஆகும். அதனால் முந்தின நாளே மோட்டார் பக்கத்தில் லைனைத் துண்டிக்கும் ஒரு ஐசொலேட்டர் சுவிட்ச் வைத்து, அதன் கீழ்முனையில் மீட்டர் வயரை மாட்டித் தயாராக வைத்தோம். மோட்டார் நின்றதும் ஒருவர் ஐசொலேட்டரைத் திறந்தார், ஒருவர் கடிகாரத்தைச் சத்தமாக வாசித்தார், நான் எழுதினேன். முதல் அளவு 40வது வினாடியில் கிடைத்தது. பிறகு இருபது வினாடிக்கு ஒன்றாகப் பன்னிரண்டு அளவு. கிராஃப் தாளில் கோட்டைப் பின்னோக்கி நீட்டி, நின்ற நொடியின் மதிப்பை எடுத்தேன்.

குளிர்ந்தபோது, 27 டிகிரியில், 0.0690 ஓம். நான்கு மணி நேரம் ஓடியபின் 0.1005 ஓம். கணக்கிட்டால் காயிலின் சராசரிச் சூடு 147 டிகிரி.

மோட்டாரைச் சுற்றியிருந்த காற்று 38. வெளியே பெங்களூரு 29 டிகிரியில் இதமாக இருந்தது. ஆனால் பக்கத்தில் எக்ஸ்ட்ரூடரின் பீப்பாய் 180 டிகிரியில் நிற்கிறது. இங்கே ஒரு இடைக்குறிப்பு: "இது மேட்டு ஊர், காற்று லேசு, அதனால்தான் மோட்டார் ஆறலை" என்று ஒருவர் எனக்கு விளக்கினார். பெங்களூரு சுமார் 920 மீட்டர் உயரம். மோட்டார்களின் நேம்பிளேட் 1000 மீட்டர் வரை அப்படியே செல்லும். ஊட்டியில் போட்டிருந்தால் அவர் சொன்னதில் நியாயம் இருந்திருக்கும்.

உயர்வு 109 டிகிரி. வர வேண்டியது 74. நடுவில் இருக்கும் 35 டிகிரி எங்கே உட்கார்ந்திருக்கிறது? ஃபின் வேர்களின் சராசரி 98 டிகிரி, அதாவது சுற்றுக்காற்றைவிட 60 மேலே. கோருக்கும் தொடுமிடத்துக்கும் கணக்குப்படி 9. மீதி 40ம் ஸ்லாட்டுக்குள். ஆக, ஃபிரேமில் 20 டிகிரிக்குக் கொஞ்சம் குறைவாக அதிகம், ஸ்லாட்டில் 14 அதிகம். வீட்டுக்குள் ஒரே திருடன் என்று போனால், முன்வாசலில் ஒருவன், பின்வாசலில் ஒருவன்.

முன்வாசல்: ஃபின்கள்

இதைக் கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம், டார்ச் போதும். குழாய் செய்ய பிவிசி பவுடரோடு கால்சியம் கார்பனேட் பவுடரும் கலக்கிறார்கள். அந்த ஷெட்டில் எல்லாவற்றின் மேலும் ஒரு வெள்ளைப் பூச்சு இருக்கும், டீ கிளாஸ் உட்பட. வெறும் தூசியாக இருந்தால் விசிறியே ஓரளவு ஊதித் தள்ளிவிடும். ஆனால் கியர்பாக்ஸின் ஆயில் சீல் தேய்ந்து எண்ணெய் கசிந்துகொண்டிருந்தது. எண்ணெய்ப் பிசுக்கில் பவுடர் ஒட்டி, வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு மாதிரிக் குழைந்து, சூட்டில் வெந்து இறுகியிருந்தது. ஃபின்களின் உயரத்தில் பாதிவரை அடைப்பு. அடிப்பக்க ஃபின்கள் கண்ணுக்கே தெரியவில்லை. ஸ்க்ரூடிரைவரால் குத்தியபோது கட்டி கட்டியாகப் பெயர்ந்தது.

இதற்கு மேல் இன்னொன்று. விசிறி மூடிக்குப் பின்னால் 25 கிலோ பவுடர் மூட்டைகள், ஆள் உயரத்துக்கு. மூடிக்கும் முதல் மூட்டைக்கும் நடுவே நான்கு விரல் இடம். விசிறி மூச்சிழுக்க வழியே இல்லை. கிடைத்த கொஞ்சமும் ஃபின்களைச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்த சூடான காற்று.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிடலாம் என்றார் முதலாளி. வேண்டாம் என்றேன். எல்லாவற்றையும் சேர்த்து மாற்றினால் எது எவ்வளவு செய்தது என்று ஒருக்காலும் தெரியாது. முதலில் மூட்டையை நகர்த்தி, மண்ணெண்ணெயும் பித்தளை பிரஷ்ஷும் வைத்து ஃபின்களைத் துலக்கி, சீலை மாற்றினோம். இரண்டு பையன்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வேலை. மறுநாள் அதே சுமை, அதே 26 ஹெர்ட்ஸ், அதே நான்கு மணி நேரம். காயில் உயர்வு 109லிருந்து 88க்கு இறங்கியது. ஃபிரேம் 60லிருந்து 42க்கு. கணக்கு சொன்ன 41க்கு ஒரு டிகிரி வித்தியாசம். இந்தத் தொழிலில் இப்படிப் பொருந்துவது அபூர்வம். அன்று மத்தியானம் நான் இரண்டு பிரியாணி சாப்பிட்டேன்.

ஃபிரேம் 18 இறங்கியதற்குக் காயில் 21 இறங்கியது ஏன் என்று தோன்றலாம். செம்பு குளிர்ந்தால் தடை குறைகிறது, தடை குறைந்தால் சூடு பிறப்பதே குறைகிறது. ஏறும்போது இது வட்டிக்கு வட்டி, இறங்கும்போது தள்ளுபடிக்குத் தள்ளுபடி.

அடுத்து, தண்டு விசிறியை எடுத்துவிட்டு அதே இடத்தில் தனி மோட்டாரோடு கூடிய விசிறி வைத்தோம். முக்கிய மோட்டார் எந்த வேகத்தில் ஓடினாலும் இது முழு வேகத்தில் ஊதும். ஐசி 416 வகை. உயர்வு 68க்கு வந்தது.

"68ன்னா நல்லாத்தானே இருக்கு? விட்டுடலாமே" என்றார் முதலாளி. இங்கேதான் எங்கள் இருவருக்கும் கொஞ்சம் வாக்குவாதம்.

பின்வாசல்: ஸ்லாட்

68 நல்ல எண்தான். ஆனால் அதில் 36 டிகிரி இன்னும் ஸ்லாட்டுக்குள் இருந்தது. வெளியே என்ன மாற்றினாலும் ஸ்லாட் தடை மட்டும் கிலோவாட்டுக்கு 35 என்றே நின்றது. இருக்க வேண்டியது 25. அப்படியென்றால் செம்புக்கும் இரும்புக்கும் நடுவே இருக்கக்கூடாதது ஏதோ இருக்கிறது. ஸ்லாட்டுக்குள் இருக்கக்கூடாதது ஒன்றே ஒன்றுதான். காற்று.

ஸ்லாட்டில் உருண்டைக் கம்பிகளை எவ்வளவு நெருக்கி அடுக்கினாலும் நடுவே சந்து இருக்கும். அந்தச் சந்தை வார்னிஷ் நிரப்ப வேண்டும். வார்னிஷின் வெப்பக் கடத்துதிறன் ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு 0.2 வாட் அளவில். செம்பின் 400க்குப் பக்கத்தில் அது ஒன்றுமே இல்லை. ஆனால் அசையாத காற்றுக்கு 0.026தான். வார்னிஷ் போக வேண்டிய சந்தில் காற்று இருந்தால் அந்த இடத்தில் தடை ஏழெட்டு மடங்கு. இந்த மோட்டாரின் கதை முழுவதையும் இப்படிச் சொல்லலாம்: ஓட வேண்டிய இடத்தில் காற்று ஓடவில்லை, இருக்கக்கூடாத இடத்தில் காற்று குடியிருந்தது.

சூடு மட்டும் என்றால் முதலாளி சொன்னபடி விட்டிருப்பேன். கிளாஸ் எஃப் என்பது 155 டிகிரி. 40 டிகிரி சுற்றுக்காற்று, 105 உயர்வு, காயிலில் அதிகம் சுடும் புள்ளிக்கு 10. அந்த 155இல் தொடர்ந்து இருந்தால் இன்சுலேஷன் சுமார் 20,000 மணி நேரம் தாங்கும் என்பதுதான் இந்த எண்களின் அடிப்படை. பத்து டிகிரி ஏறினால் ஆயுள் பாதி என்பது தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த சூத்திரம். 1930இல் மான்ட்சிங்கர் என்ற பொறியாளர் டிரான்ஸ்ஃபார்மர்களுக்குச் சொன்னது 8 டிகிரி. நாம் நினைவில் வைக்க வசதியாகப் பத்தாக்கிக்கொண்டோம். நான் அளந்த 147 சராசரியில் அதிகம் சுடும் புள்ளி 157 இருக்கும். அந்தக் கணக்கில் இரண்டு வருடமாவது ஓட வேண்டும். ஐந்து மாதத்திலும் ஏழு வாரத்திலும் எரிந்ததை வெறும் சூட்டை வைத்து விளக்க முடியாது.

அந்தக் காற்றுப் பைகள் இரண்டாவது வேலையும் செய்திருக்கின்றன. டிரைவ் அனுப்புவது அழகான அலை இல்லை, 587 வோல்ட் துண்டுகளாக வெட்டி அடிக்கும் துடிப்பு. டிரைவிலிருந்து மோட்டாருக்குக் கேபிள் 45 மீட்டர். அவ்வளவு நீளத்தில் துடிப்பு மோட்டார் முனையில் மோதி எதிரொலித்து, ஏறக்குறைய இரண்டு மடங்குவரை எழும்பலாம். அந்த அடியைக் காயிலின் முதல் சில சுற்றுகள்தான் வாங்கும். கம்பிகளுக்கு நடுவே வார்னிஷ் இருந்தால் தாங்கும். காற்றுப் பை இருந்தால் அதற்குள் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன மின்பொறி. ஒவ்வொரு துடிப்புக்கும் ஒன்று, நாளெல்லாம். கம்பியின் மேல்பூச்சான எனாமல் கரையான் அரித்த மாதிரி ஆகிவிடும். சூடு எனாமலைத் தளர்த்துகிறது, பொறி அதைத் துளைக்கிறது, இரண்டும் ஒரே இடத்தில்.

கடைசியில் முதலாளி ஒத்துக்கொண்டார். ஆயுத பூஜைக்கு எப்படியும் மூன்று நாள் ஷெட் மூடும், அப்போது கழற்றலாம் என்று.

முன்பு கட்டிய கடையைத் தேடிப் போய்ச் சண்டை போடுவதில் எனக்கு ஆர்வமில்லை. பீன்யாவிலேயே வேறொரு கடைக்கு எடுத்துப் போனோம். மாஸ்டர் கோயம்புத்தூர் பீளமேட்டுக்காரர், பம்புசெட் மோட்டாரில் ஆரம்பித்து முப்பது வருடமாக இதே வேலை. மோட்டாரின் சுழலாத பகுதியான ஸ்டேட்டரைச் சுற்றிவந்து ஒரு விரலால் காயில் தலையைத் தட்டினார். "சத்தம் கேட்டீங்களா? ஓலைப்பாய் மாதிரி இருக்குதுங்க. நல்லா வார்னிஷ் குடிச்ச காயில் தேங்காச் சிரட்டையாட்ட கணீர்னு கேக்கோணும்" என்றார். நான் நான்கு நாள் மைக்ரோ ஓம் மீட்டரோடு மல்லுக்கட்டிக் கண்டதை அவர் ஒரு தட்டில் சொன்னார். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

ஒரு ஸ்லாட்டின் ஆப்பை உருவி, காயிலை அறுத்து வெளியே எடுத்தோம். மேல் வரிசைக் கம்பிகள் வார்னிஷில் பழுப்பாகப் பளபளத்தன. அதற்குக் கீழே கம்பிகள் துளிக்கூட ஒட்டாமல், ஈர்க்குமாற்றுக் குச்சி போலத் தனித்தனியாக உதிர்ந்தன. மேலோடு பிரஷ்ஷால் அடித்துவிட்டு அவசரமாக வெயிலில் காயவைத்திருக்க வேண்டும். உற்பத்தி நிற்கிறது, நாளைக்கே வேண்டும் என்று அவசரப்படுத்தியதும் இதே ஷெட்தான். அதை முதலாளியிடமும் சொன்னேன்.

பழைய காயிலை எடுப்பதிலும் ஒரு விஷயம் உண்டு. விறகும் டயரும் போட்டு எரித்துச் செம்பை உருவுவது பல இடத்தில் வழக்கம். கோர் 370 டிகிரியைத் தாண்டினால் இரும்புத் தகடுகளுக்கு நடுவே இருக்கும் இன்சுலேஷன் போய், இரும்பே சூடு போட ஆரம்பித்துவிடும். மாஸ்டர் சூடு கட்டுப்படுத்திய அடுப்பில்தான் எரித்தார். அதற்குப் பிறகு கோர் வழியாக வெல்டிங் கேபிளைப் பல சுற்று சுற்றி, கரண்ட் விட்டு, சூடு காட்டும் கேமராவில் பார்த்தோம். ஒரு பல் மட்டும் மற்றதைவிட 12 டிகிரி அதிகம் சுட்டது. முந்தைய எரிப்பில் செம்பு உருகி அங்கே தகடுகளை ஒட்டவைத்திருந்தது. அரம் போட்டுப் பிரித்து, மைக்கா சொருகி, மறுபடி சோதித்தபோது 4க்கு வந்தது.

புதுக் காயிலுக்கு டிரைவில் ஓடுவதற்கென்றே வரும் இரட்டைப் பூச்சுக் கம்பி. ஒவ்வொரு பேஸிலும் காயில் தலைக்குள் சூட்டை அளக்கும் ஒரு பிடி100 சென்சார். வார்னிஷை ஊற்றவில்லை. ஸ்டேட்டரைத் தொட்டிக்குள் இறக்கி மூடி, முதலில் காற்றை உறிஞ்சி வெற்றிடமாக்கி, பிறகு ரெசினை விட்டு, அதன்பின் அழுத்தம் கொடுத்து உள்ளே திணிப்பது. விபிஐ என்பார்கள். சந்தில் காற்றே இல்லை என்றால் ரெசின் போய்த்தானே ஆக வேண்டும். செலவு சாதாரண முறையைவிட அதிகம். ஆனால் மூன்று ரீவைண்டிங்கும் நின்றுபோன உற்பத்தியும் சேர்ந்த கணக்கை முதலாளி தானே போட்டுப் பார்த்துவிட்டு அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. அடுப்பிலிருந்து வந்ததும் மாஸ்டர் என்னைக் கூப்பிட்டுக் காயிலைத் தட்டச் சொன்னார். கணீர் என்றது.

திரும்ப மாட்டியபின்

டிரைவுக்குள் ஒரு செட்டிங் தவறாக இருந்ததையும் அப்போதுதான் கவனித்தேன். மோட்டாருக்குத் தனி விசிறி இருக்கிறதா இல்லையா என்று டிரைவ் கேட்கும். அதை வைத்துத்தான் குறைந்த வேகத்தில் எவ்வளவு கரண்ட் விடலாம் என்று முடிவு செய்யும். முதல் நாளிலிருந்தே "இருக்கிறது" என்று போட்டிருந்தார்கள். இல்லாத விசிறியை நம்பித்தான் டிரைவ் இத்தனை நாள் ட்ரிப் ஆகாமல் இருந்தது. இப்போது விசிறி உண்மையிலேயே வந்துவிட்டதால் செட்டிங்கை மாற்றவே தேவையில்லாமல் போனது. துடிப்பைத் தணிக்க டிரைவ் வாசலில் ஒரு ஃபில்டர் வைத்தோம். விசிறி ஓடாவிட்டால் முக்கிய மோட்டார் ஓடாதபடி இன்டர்லாக். பிடி100 மூன்றுக்கும் 130 டிகிரியில் அலாரம், 145இல் ட்ரிப். விசிறிக்குப் பின்னால் தரையில் மஞ்சள் கோடு.

அதே 26 ஹெர்ட்ஸ், 88 ஆம்பியர், நான்கு மணி நேரம். உயர்வு 56 டிகிரி: ஃபிரேமில் 24, கோரில் 8, ஸ்லாட்டில் 24. சுற்றுக்காற்று 36. காயில் சராசரி 92. முதலில் அளந்த 147க்கு 55 குறைவு. செம்பு இழப்பும் 1,170 வாட்டிலிருந்து 1,000க்கு இறங்கியிருந்தது.

இரண்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை மெயின்டனன்ஸ் அண்ணனிடமிருந்து போன். அலாரம் அடிக்கிறதாம், பிடி100 மூன்றும் 131 காட்டுகிறதாம். விசிறி நின்றுவிட்டதா என்றேன். "இல்ல சார், நல்லா சுத்துது, சத்தம் கேக்குது." இன்டர்லாக்கைப் பொறுத்தவரை எல்லாம் ஒழுங்கு. பின்னால் போய்ப் பாருங்கள் என்றேன். ஒரு நிமிடம் கழித்து வாட்ஸ்அப்பில் படம் வந்தது. மஞ்சள் கோட்டைத் தாண்டி, விசிறி வலையோடு ஒட்டி, இரண்டு வரிசை. படத்துக்குக் கீழே ஒரே வரி: "மூட்டை சார்."